எங்க கடைப் பலகை

கடையிலேயே விலை அதிகமான சோபாவில் அந்த அம்மா சாய்ந்து உட்கார்ந்ததும், விற்பனைப் பெண் ஓடிப்போய்க் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்தாள். "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்மா. பில் போட்டுடலாமா?"

"பில்லெல்லாம் நானே கொண்டு வந்திருக்கேன். உங்க முதலாளியைக் கூப்பிடும்மா."

கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்த முதலாளிக்கு முகம் சுருங்கியது. பலகைக் கடையம்மா! முதலாளியின் மரச்சாமான் பட்டறைக்கு பிளைவுட், கீல், பசை எல்லாம் கடனுக்குக் கொடுப்பவர். பாக்கி கேட்பாரே என்று இரண்டு மூன்று மாதமாக இவர் அந்தக் கடை இருக்கும் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை.

"வாங்கம்மா" என்று பல்லைக் காட்டினார். "சனிக்கிழமை, கூட்ட நேரம். உங்க கடையிலயும் ஆள் நிக்கும். அடுத்த வாரம் பேசலாமே?"

"கடைக் கவலை எனக்கு இல்லைங்க. கணக்கைப் பாத்துடுவோம்."

கொண்டுவந்த தாள்களை டீப்பாய் மேல் பரப்பினார். முதலாளி நின்றபடியே அவற்றின் மேல் கண்ணை மேயவிட்டார்.

"ஈரம் பட்ட பலகையைத் திருப்பி அனுப்பினோமே?"

"கழிச்சிருக்கேன். கீழ பாருங்க."

"இந்த லோடு வரவே இல்லையே?"

"உங்க மச்சான்தான் கையெழுத்துப் போட்டு இறக்கினார். போன் போடட்டுமா?"

முதலாளி தொண்டையைக் கனைத்தார். இதுவரை தோற்றதே இல்லாத அஸ்திரம் ஒன்று அவரிடம் பாக்கி இருந்தது. "இப்படிக் கழுத்துல துண்டு போட்டுக் கேட்டா, நம்ம வியாபாரம் இத்தோட சரி. ஊர்ல வேற பலகைக் கடையா இல்லை?"

போன தடவை இதைக் கேட்டதும் அந்த அம்மா பதறிப்போய், கொடுத்ததை வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தார். இன்று "சரிங்க" என்றார். எழுந்திருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஓர் இளம் தம்பதி சோபாவைப் பார்க்க வந்து நின்றார்கள். அந்த அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார்.

"நல்லா உக்காந்து பாரும்மா. உள்ள இருக்கறது முதல் தரப் பலகை. எங்க கடையோடது. இவர் இன்னும் காசு குடுக்கலை, அவ்வளவுதான்."

உட்கார்ந்தவள் நெருப்பை மிதித்தவள்போல எழுந்தாள். கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"என்னம்மா, இப்படி மானத்தை வாங்கறீங்க?"

"உங்க மானத்தை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? பலகைக்குக் காசைக் குடுங்க. குடுக்கற வரைக்கும் இங்கயேதான் இருப்பேன். வர்றவங்ககிட்ட எல்லாம் பலகையைப் பத்தி நல்லவிதமா சொல்றேன்."

வாசலில் அடுத்த கார் வந்து நின்றது. முதலாளி அவசரமாகப் போனை எடுத்தார். "கடைக் கணக்குக்கு அனுப்பிடறேன்."

"அதுக்கு வேணாம். என் சொந்தக் கணக்குக்கு அனுப்புங்க."

ஓகோ, வரிக்குக் காட்டாத பணமா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே அனுப்பினார்.

அந்த அம்மா தொகையைச் சரிபார்த்தார். பாக்கி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். கையோடு யாருக்கோ போன் போட்டார். "பணம் வந்துடுச்சு. லோடு இறக்கற ஆளுங்களை வரச் சொல்லு. எல்லாரோட சம்பளத்தையும் இன்னைக்கே குடுத்துடலாம்."

முதலாளிக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் பட்டறையில் பலகை தீர்ந்துபோனது நினைவுக்கு வந்தது. மற்ற கடைக்காரர்கள் எல்லாம் கடன் என்றாலே கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். வராத சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

"கோவத்துல ஏதோ சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. திங்கக்கிழமை ஒரு லோடு அனுப்பிடுங்க. வழக்கம்போலக் கணக்குல எழுதிக்கங்க."

அந்த அம்மா நிதானமாக எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"கடையை மூடி ஒரு மாசமாச்சுங்க."