காகித வட்டத்தைச் சுற்றி

ஆய்வுக்கூடத்தில் அவள், ஓட்டில் வெட்டிய சதுரத்தின் வழியே குஞ்சு வளரும் முட்டைக்குள் பார்த்தாள். இலைச்சாற்றில் நனைத்து வைத்த காகித வட்டத்தைச் சுற்றி ஒரு ரத்தக்குழாய்கூட இல்லை.

வெறும் தண்ணீர் வைத்த முட்டைகளில் சிவப்பு இழைகள் கன்னாபின்னாவென்று கிளைவிட்டிருந்தன. சாறு வைத்த பன்னிரண்டிலும் அவை வட்டத்துக்கு எட்டவே நின்றுவிட்டன.

மூன்று வருடமாக இதற்காகத்தான் நாய்படாத பாடு பட்டாள். புற்றுக்கட்டி தனக்கு வேண்டிய ரத்தக்குழாய்களைத் தானே இழுத்துக்கொண்டு வளரும். அவற்றை வளரவிடாத இலை ஒன்று கிடைத்தால் கட்டி பட்டினி கிடந்து சாகும்.

பாராட்டு என்றால் சொத்தை எழுதிவைக்கச் சொன்னது போல முகம் சுளிக்கும் பேராசிரியர், குனிந்து பார்த்துவிட்டு, பட்டம் உறுதி என்றார். கூட வேலை செய்பவர்கள் இனிப்பு வாங்க ஓடினார்கள்.

அவள் மறுபடியும் ஒவ்வொரு முட்டையாகக் குனிந்து பார்த்தாள். சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தண்ணீர் வைத்த முட்டைகளில் குஞ்சின் இதயம் துடிப்பது தெரிந்தது. சாறு வைத்தவற்றில் ஐந்தில் எதுவுமே துடிக்கவில்லை. அட்டவணையில் அதற்கென்று கட்டம் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

போன வருடம் இந்த இலையின் முதல் சோதனையின்போது அவளும் தலைகால் புரியாமல்தான் குதித்தாள். ஊதாக் கரைசலில் இதே சாற்றை நாலு சொட்டு விட்டதும் கண்மூடித் திறப்பதற்குள் மஞ்சளாகிவிட்டது. இரும்பு துருப்பிடிப்பது மாதிரி உடம்பு உள்ளே கெடுவதை இந்த இலை தடுக்கும் என்று வீடு முழுக்கப் பீற்றிக்கொண்டாள்.

போன் அடித்தது. தங்கை.

நான்கு மாதத்துக்கு முன், ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்ததிலிருந்து நடைப்பிணமாக இருந்தவள். காரணம் தெரியவில்லை, சில சமயம் இப்படித்தான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், அக்காதான் தாய்க்குத் தாயாகப் பார்த்துக்கொண்டாள் என்று தங்கை சொல்லிச் சொல்லி அழுதாள்.

இன்று அவள் குரலில் சிரிப்பு இருந்தது.

"அக்கா, எனக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போயிருக்கு. உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன். வரும்போது அந்த எலைப்பொடியை எடுத்துட்டு வா, போன தடவை மாதிரியே தெனம் ரெண்டு வேளையும் குடிக்கிறேன்."

அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். முட்டையை வைத்து மனுஷியைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது என்று படித்த படிப்பு சொன்னது. மனம் அதைக் கேட்கவில்லை. தன் கையால் ஆற்றி ஆற்றிக் கொடுத்தது, கசக்கிறது என்று தங்கை முகத்தைத் திருப்பியபோது அதட்டிக் குடிக்கவைத்தது எல்லாம் நினைவுக்கு வந்தன.

"வேண்டாம்டி," என்றாள்.

தங்கை இன்னும் சிரித்துக்கொண்டே, ஏன் என்று கேட்டாள்.