பி பிரிவின் புது முறை

பி பிரிவில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஏ பிரிவின் கணக்கு வாத்தியார் அதை ஜன்னல் வழியாகப் பார்த்தார், குனிந்து செருப்பைச் சரிசெய்கிற சாக்கில். பெஞ்சுகள் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. அறையில் சுற்றிக்கொண்டிருந்த ஒரே ஃபேனுக்கு நேர் கீழே வட்டம். வட்டத்தின் நடுவே பி பிரிவு டீச்சர்.

"இதுதானா சங்கதி" என்று முணுமுணுத்தபடி நிமிர்ந்தார்.

போன வாரம்தான் ஆய்வுக்காரப் பெண் ஒருத்தி பள்ளிக்கு வந்தாள். கல்வியியலில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. ஏழாம் வகுப்பின் மூன்று பிரிவுகளையும் சீட்டெழுதிக் குலுக்கினாள். ஏ, பி இரண்டும் வந்தன. சி வெளியே நின்றது. பிறகு இரண்டு ஆசிரியர்களையும் தனித்தனியாக அழைத்துப் பேசினாள்.

"சார், நீங்க எப்பவும் நடத்துற மாதிரியே நடத்துங்க. எதையும் மாத்த வேணாம். பக்கத்துப் பிரிவுல என்ன பண்றாங்கன்னு கேக்கவும் வேணாம்" என்றாள் அவரிடம்.

கேட்கவும் வேண்டாம் என்றதுமே அவருக்குப் பொறி தட்டிவிட்டது. ஆராய்ச்சி முறைகள் பற்றிய பயிற்சி முகாமில் ஒருமுறை மதியச் சாப்பாடு வரைக்கும் உட்கார்ந்திருந்தவர் அவர்.

"ஒரு குழுவுக்குப் புது முறை, இன்னொரு குழுவுக்குப் பழைய முறை. புதுசுதான் ஒசத்தின்னு கருதுகோளை முன்கூட்டியே எழுதி வெச்சிருப்பாங்க. அதை நிரூபிக்க ஒருத்தன் தோக்கணும்ல, அதுக்கு என்னைப் பிடிச்சிருக்காங்க" என்று மனைவிக்கு விளக்கினார்.

"தோத்தாதான் என்னங்க? தலையா போகுது?"

"தலைவர் பதவி போகுதுடி. அடுத்து வர்ற பரீட்சையில மூணுல எந்தப் பிரிவு மேல வருதோ, அந்தப் பிரிவு ஆசிரியர்தான் கணக்குத் துறைத் தலைவர்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டார்."

மறுநாள் ஏ பிரிவுப் பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்தார்கள். அந்த அறையில் எல்லா ஃபேனும் ஓடின என்பது வேறு விஷயம்.

அன்று பார்த்து வெள்ளைச் சாக்பீஸ் தீர்ந்துபோயிருந்தது. கைக்கு அகப்பட்ட பச்சையில் எழுதினார். இரண்டு நாள் கழித்து எட்டிப் பார்த்தால், பி பிரிவுக் கரும்பலகை முழுக்கப் பச்சை. வாத்தியாருக்குப் புல்லரித்தது. யாரும் சொல்லாமலே புது முறையின் அடுத்த கட்டத்தைத் நாமாகவே தொட்டுவிட்டோமே.

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ஸ்பீக்கர். அந்த ஸ்பீக்கர் அடுத்த வாரம் ஜலதோஷத்தில் கட்டிக்கொண்டது. பின்னங்களின் கூட்டலைக் கைஜாடையிலேயே நடத்தி முடித்தார். அந்த வாரக் கடைசியில் பி பிரிவைக் கடந்தபோது உள்ளே ஊசி விழுந்தால் கேட்கும். டீச்சர் கையை ஆட்டி ஆட்டி வகுத்தல் நடத்திக்கொண்டிருந்தார்.

"மௌன முறை" என்றார் தமக்குள், மிகுந்த மரியாதையோடு.

தொண்டை தேறிய பிறகும் அவர் வகுப்பில் வாய் திறக்கவில்லை. பழக்க தோஷத்தில் வீட்டிலும் உப்புக்கு விரலை ஆட்டினார். "நாக்கை எங்கயாவது அடகு வெச்சிட்டீங்களா?" என்றாள் மனைவி.

ஆய்வுக்காரப் பெண்மேல்தான் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. அவள் ஒருநாளும் வகுப்புக்குள் வந்ததில்லை. ஒரு பிள்ளையின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. இரண்டு அறைகளுக்கும் நடுவே வராந்தாவில் நாற்காலி போட்டுக்கொண்டு, அவர் ஜன்னல் பக்கம் ஒதுங்கும்போதெல்லாம் எதையோ குறித்துக்கொண்டாள். பி பிரிவுக்குக் காவல் இருக்கிறாள் என்று முடிவு கட்டினார்.

பரீட்சை முடிவு வந்தது. ஏ பிரிவும் பி பிரிவும் கைகோத்துக்கொண்டு சறுக்கியிருந்தன. குலுக்கலில் வராத சி பிரிவு அலுங்காமல் மேலே நின்றது. வருஷம் முழுக்க வகுப்புக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையோடு பேசுகிற அதன் வாத்தியாருக்குத் தலைவர் பதவி.

ஏ பிரிவு வாத்தியார் விறுவிறுவென்று ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனார். உள்ளேயிருந்து பி பிரிவு டீச்சர் வெளியே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. இவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தார். குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன.

ஹெட்மாஸ்டருக்கு எதிரே ஆய்வுக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த ஆராய்ச்சியே மோசடி சார்" என்று ஆரம்பித்தார் வாத்தியார். "புது முறையை பி பிரிவுக்கு மட்டும் ரகசியமா குடுத்திருக்காங்க. வட்டம், பச்சை சாக்பீஸ், மௌனம், எல்லாத்தையும் என் கண்ணால பார்த்தேன். ஒண்ணு விடாம நானும் செஞ்சேன். அப்படியும் ரெண்டும் சறுக்குதுன்னா முறையே கோளாறு. அதுக்கு என் பதவி பலியா?"

"பக்கத்துக் கிளாஸ்ல நடக்கிறதை நீங்க எப்படிப் பார்த்தீங்க?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"ஜன்னல் வழியா."

பெண் அதையும் குறித்துக்கொண்டாள்.

"பார்த்தீங்களா, இப்பவும் எழுதுறாங்க. சாம்பிளே கோணல் சார். என் பிள்ளைங்க பாவம்."

"பிள்ளைங்க சாம்பிள் இல்லையே சார்" என்றாள் அவள் மெதுவாக.

"பின்னே யாரு, பெஞ்சும் நாற்காலியுமா? பேச்சை மாத்தாதீங்கம்மா. அன்னைக்கு அந்த டீச்சரைத் தனியா கூப்பிட்டு என்ன ஓதுனீங்க? ஹெட்மாஸ்டர் முன்னாடி எனக்கு அது தெரிஞ்சாகணும்."

அவள் பேனாவை மூடினாள்.

"உங்ககிட்ட சொன்னதையேதான் சார்."