ரெண்டரை மணி நேரத் தூரம்

“அங்க லாரி போய்ச் சேரவே நாலு நாள் ஆகும்மா. அவ்வளவு தூரத்துல உன்னைக் கட்டிக் குடுத்துட்டு நான் எப்படி நிம்மதியாத் தூங்குறது?”

அவர் லாரி புக்கிங் ஆபீஸ் மேனேஜர். தூரம் என்றாலே அவருக்கு டீசலும் டயரும்தான். டிராவல்ஸ் கடையில் உட்கார்ந்துகொண்டு, மணப்பெண்ணை டிக்கெட் எடுக்க விடாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“நான் என்ன சிமெண்ட் மூட்டையாப்பா, லாரியில போறதுக்கு?” என்றாள் அவள்.

டிக்கெட் போடும் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டரைத் தட்டினாள். “ரோடு வழியா ரெண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் சார். பிளேன்ல ரெண்டரை மணி நேரந்தான்.”

“பறக்குறது ரெண்டரை. ஏர்போர்ட்ல முன்னாடியே போய்த் தேவுடு காக்கணும், இறங்கினா பெட்டிக்குக் காக்கணும். அதையெல்லாம் யாரு கணக்குல சேர்க்கிறது?”

தூரம் என்பதெல்லாம் சாக்கு. ஒரு நாள்கூட அவளைப் பிரிந்து இருந்தவர் இல்லை, மனசு கேட்கவில்லை. அவளும், அவர் வாயால் சரி என்று சொல்லாமல் இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தாள்.

“உள்ளூர்ல ஆளே கிடைக்கலையா உனக்கு?”

“மனசுக்குப் பிடிச்சவர் அங்கதானே இருக்கார்.”

“உனக்கு உடம்பு முடியலன்னா யாரு பார்ப்பா?”

“கட்டிக்கப் போறவர் பின்ன எதுக்கு?”

“அப்ப அவரையே இங்க வந்து இருக்கச் சொல்லேன்.”

“வீட்டோட மாப்பிள்ளையாவா? அவரோட கடையை யாருப்பா தூக்கிட்டு வர்றது?”

அவள் விடவில்லை.

“தினமும் டிராஃபிக்ல நீந்தி ஆபீஸ்லேருந்து வீடு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுது?”

“ரெண்டு மணி நேரம்” என்று முனகினார்.

“கூட ஒரு அரை மணி நேரம். நான் இருக்கப் போற தூரம் அவ்வளவுதானேப்பா?”

வசமாக மாட்டிக்கொண்டார். கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

“ஒன்வேயா, ரிட்டர்னா?” என்று கேட்டாள் டிக்கெட் போடும் பெண்.

மணப்பெண் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். “எங்க வீட்ல யாரும் ‘போறேன்’னு சொல்றதில்லம்மா. ‘போயிட்டு வர்றேன்’தான். ரிட்டர்ன் போடுங்க.”

ஜெயித்துவிட்டாள். அவளுக்கு அப்போதே கால் தரையில் பாவவில்லை. அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “எல்லாம் சரிம்மா. அவரை நான் என்னன்னு கூப்பிடுறது?”

“அப்பான்னுதான். பால்குடி வயசுலயே உனக்கு இல்லாமப் போன வார்த்தை அது. பெத்தவ சொல்றேன், வாய் நிறையக் கூப்பிடுடா மகனே.”