பிரிசில்லாவின் டீசர்ட்

எனக்கு ரத்தப் புற்றுநோய் சரியாகி ஐந்து வருடம் ஆகிறது. இன்று காலை கடைசி டெஸ்ட் எடுத்தார்கள். நாளை ரிசல்ட். பயத்தில் தூக்கம் வரவில்லை.

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினார். இந்த நோயில் இறப்பவர்களின் விகிதம் எத்தனையோ நாடுகளில் கோடு கோடாக இறங்கியிருந்தது.

"எத்தன பேரு ராப்பகலா உழைச்சது பாரு கண்ணு."

கண்ணெடுக்காமல் பார்த்தேன்.

நான் நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் பக்கத்துக் கட்டிலில் இருந்த பிரிசில்லா மட்டும் பிழைக்கவில்லை. "நான் உன்னவிட ஒரு சைஸ் பெருசாக்கும்" என்று சீண்டுவாள்.

அம்மா பனியன் கம்பெனி டெய்லர். கம்பெனியில் எந்த ஆர்டருக்கும் கூடுதலாக ஒரு பீஸ் வெட்டுவார்கள். அம்மாவும் வருடா வருடம் எனக்கு ஒரு டீசர்ட் தைத்துவிட்டு, ஒரு சைஸ் பெரிதாக இன்னொன்று தைப்பாள். அதை யாரும் போடுவதில்லை. ஆணியில் தொங்கும்.

இன்று சாயங்காலம் அது வியர்வையில் நனைந்திருந்தது. அதன் கைத்துணிக்குள் பஞ்சு வைத்த பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பஞ்சில் ரத்தப் பொட்டு. என் பிளாஸ்திரி என் கையிலேயே இருந்தது.

"அம்மா, இதென்னங்மா?"

அம்மா பதறவில்லை.

"அவளுக்கும் எடுத்திருக்காங்களாட்ட இருக்குது கண்ணு. ரெண்டு ரிசல்ட்டும் நல்லா வரட்டும்."

இரண்டு டீசர்ட்டையும் ஒரே வாளியில் ஊறப்போட்டாள்.