ஓடிப்போனவன்

சுவருக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி அவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பக்கம், அடுத்த போர்ஷனில், அவன் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அங்கே குடியிருக்கும் தில்ஷாத் வேலைக்குப் போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். நடுவில் இருந்தது கூரை வரை எழும்பாத சுவர். அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

வந்திருந்தது தாலுகா ஆபீஸ் மேடம். புருஷன் விட்டுவிட்டுப் போன பெண்களுக்கு அரசாங்கம் கொஞ்ச காலம் வாடகை கட்டுகிறதாம். அதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்களாம். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் சாமான்கள் தெருவில். ஓனர் சொல்லிவிட்டார்.

ஓடிப்போவது அவனுடைய யோசனைதான்.

நேற்று அவளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தான். குடிப்பான் என்று சொல். அடிப்பான் என்று சொல். எவளையோ இழுத்துக்கொண்டு போய்விட்டான் என்று சொல். நாலு சொட்டுக் கண்ணீர் விடு. வாயாரத் திட்டு, அதுதான் உனக்கு நன்றாக வருமே.

அவள் உம் கொட்டிக்கொண்டே கீரை ஆய்ந்தாள்.

இப்போது மேடம் வீட்டுக்காரர் பேரைக் கேட்டார்.

அவள் வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"ஏகாம்பரம்."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பேர் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வாள். அவனைக் கூப்பிட ஒரு 'இன்னாய்யா' போதும். ஓடிப்போனவனுக்கு மட்டும் முழுப் பேர்.

எரிச்சல் அங்கேதான் ஆரம்பித்தது.

குடிப்பாரா என்று மேடம் கேட்டார். எப்போதாவது, உடம்பு வலிக்கு, என்றாள். கை நீட்டுவாரா? தொட்டதில்லை என்றாள். வேறு பெண் சகவாசமா? சேச்சே, அந்த மாதிரி ஆள் இல்லை என்று பட்டென்று சொன்னாள்.

அவன் தலையில் அடித்துக்கொண்டான். காரியத்தையே கெடுக்கிறாளே.

சுவரில் மாட்டியிருந்த கல்யாண போட்டோவை மேடம் பார்த்திருக்க வேண்டும். ஆள் லட்சணமாகத்தான் இருக்கிறார் என்றார். நேரில் இன்னும் எடுப்பாக இருப்பார் என்றாள் அவள்.

அவன் தாடையைத் தடவிப் பார்த்தான். தாடி குத்தியது. காலையில்தான், மூஞ்சியைப் பார், பிச்சைக்காரன் கெட்டான் என்று சொல்லியிருந்தாள்.

பின்னே ஏன்தான் போனார்?

அவள் நிதானமாகச் சொன்னாள். மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது. குடோனில் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஓனர் வாசலில் நின்று கத்தினபோது அவர் உள்ளே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அந்த இடுப்போடுதான் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தார். உப்பே போடவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை மேடம், அவ்வளவையும் குடித்தேன்.

ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். உப்பில்லாத அந்தக் கஞ்சிக்கு அவன் வாங்கிய வசவு தெருமுனை வரை கேட்டது.

அவள் மூக்கை உறிஞ்சினாள். அது அவன் சொல்லிக்கொடுத்த அழுகை இல்லை.

அவனுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன. யாரோ ஒரு ஏகாம்பரம். பெண்டாட்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவன். அவனுக்கு இத்தனை பாசம். இங்கே ஒருத்தன் எங்கேயும் போகாமல், தினமும் ஏச்சு வாங்கிக்கொண்டு கூடவே கிடக்கிறான். அவனுக்கு என்ன கிடைத்தது?

அவனும் ஒரு நாள் போகத்தான் பார்த்தான். பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் வரைக்கும் போய், மனசு கேட்காமல் திரும்பிவிட்டான். போயே தொலைந்திருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

மேடத்துக்கே பொறுக்கவில்லை. "வுட்டுட்டுப் போன ஆம்பளைய ஏம்மா இப்பிடித் தூக்கி வெச்சுப் பேசுற?"

"போய்ட்டாரே மேடம். இருந்திருந்தா திட்டிக்கினுதான் இருந்திருப்பேன்."

மேடம் பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு கறாராகச் சொன்னார். ஆள் திரும்பி வந்தால் பணம் நின்றுவிடும். அக்கம்பக்கத்தில் விசாரிப்போம், சொல்லாமலும் வருவோம். வந்தால் சேர்த்துக்கொள்வாயா?

மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அதையும் சொல்லிக்கொடுத்திருந்தான். அந்த ஒரு சொல்லில்தான் வீடு இருந்தது.

சொல்லிவிடு என்று வேண்டிக்கொண்டான். சொல்லிவிடாதே என்றும்.

"மாட்டேன் மேடம்."

குரல் நடுங்கவே இல்லை.

மேடத்தின் செருப்புச் சத்தம் சந்து முனையைத் தாண்டிப் போனது. சுவரில் இரண்டு தட்டு கேட்டது. வரலாம் என்று அர்த்தம்.

அவன் தன் வீட்டு வாசலில் வந்து நின்றான். கால் உள்ளே போகவில்லை. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. கிடைத்துவிடும் என்று மேடம் போகும்போது காதோடு சொன்னதாகச் சொன்னாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேட்டுவிட்டான்.

"அவனப் பத்தி சொன்னதெல்லாம் நெசமா?"

அவள் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள். அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அந்தச் சந்தில் யாரும் பகலில் கதவைச் சாத்துவதில்லை. அவள் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

அவன் மறுபடியும் கேட்டான், இந்த முறை சத்தமாக.

அவள் உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினாள்.

"மெதுவா பேசுய்யா. நீதான் இங்க இல்லியே."