மலரின் துப்பட்டா

தனக்குக் கிடைத்த இரண்டு நாள் ஓய்வு முடிந்து, பேச்சும் நடையும் வராத மகள் சினேகாவை அழைத்துப்போகத் திருவொற்றியூர் குப்பத்துக்கு வந்திருக்கிறான் திருமுருகன். அவளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட மீன்காரக் கெங்கம்மா, வாசல் வெயிலில் கஞ்சிக் கிண்ணத்தோடு சினேகாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கொடியில் அவன் மனைவி மலரின் துப்பட்டா சொட்டுகிறது. இறந்துபோன அம்மாவின் வாசனை அதில் வந்தால்தான் சினேகா வாய் திறப்பாள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஊட்டச் சொன்னவன், கெங்கம்மாவிடம் காரணத்தைச் சொல்லவில்லை.

“நேத்து ஒரு குண்டான் கஞ்சி துன்னுச்சு நைனா உன் பொண்ணு! துப்பட்டால என் மீன் கவுச்சி ஏறி கலீஜா கீதேன்னு, சோப்பு போட்டு நல்லா தொவச்சிட்டேன்.”

“சரிக்கா.”

ஈரத்தோடு எடுத்துத் தோளில் போடுகிறான். சட்டை நனைகிறது. கரண்டியை நீட்டுகிறான். சினேகா முகர்கிறாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

“காயட்டும் நைனா,” என்கிறாள் கெங்கம்மா. “அப்பால ஊட்டு.”