கூடத் தட்டும் கால்

பேச்சுத்துணைக்கு ஆளில்லாத வீடு. சத்தத்துக்காவது ஒன்று இருக்கட்டும் என்று கிட்டார் வாங்கினேன். டீச்சர் போனில்தான் சொல்லித்தருகிறார்.

"ஸ்ட்ரம் பண்ற கை நிக்கவே கூடாது சார். கம்பியில படாட்டியும் மேலும் கீழும் போய்க்கிட்டே இருக்கணும்."

எனக்கோ இடது கை விரல்களை மாற்றும்போதெல்லாம் வலது கையும் நின்றுவிடும். அப்புறம் விட்டதைப் பிடிக்க ஓடுவேன்.

ஞாயிறு காலை கட்டில் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசித்தேன். பதிவு செய்து டீச்சருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"இன்னும் ஓட்டமும் நடையுமாத்தான் வாசிக்கிறீங்க. ஆனா பக்கத்துல கால் தட்டுறாங்களே, அவங்க டெம்போ பிசகவே இல்ல. அதைக் கேட்டு வாசிங்க."

"சரிங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

பதிவைப் போட்டுக் கேட்டேன். தரையில் யாரோ மெல்லத் தட்டுகிறார்கள். நான் விரல் மாற்றத் திணறும் இடங்களில் மட்டும் தட்டல் சற்றுப் பலமாக விழுகிறது, எனக்குக் கேட்கட்டும் என்பதுபோல.

மறுநாள் கட்டிலில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் மெத்தை அமுங்கிய பிறகுதான் வாசிக்க ஆரம்பித்தேன்.